இரண்டாவது குவளை

ஹாமில்டன், மொன்டானா
ஜூன் 21

அன்பு அக்கா,

மலை ஏறினதுல முழங்கால் வலி கூடிச்சா குறைஞ்சிச்சா? காட்டுத்தீக் காவல் கோபுரத்துல குளிர் தாங்குதா? இங்க அம்மாவுக்கு ரத்த அழுத்தம் மட்டுப்பட்டிருக்கு. தோட்டத்துல பட்டாணி பூத்திருச்சு. எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இந்த மாசம் காலை ஷிப்ட். மதியம் வீட்டுக்கு வந்துடறேன்.

ஒரு கெட்ட சேதி இருக்கு. உன் லேப்டாப் மேல காபி கொட்டிருச்சு. செவ்வாய்க்கிழமை. சமையலறை மேஜையில இருந்துச்சு, என் கை பட்டுருச்சு. உடனே வயரைப் பிடுங்கிட்டேன். பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சேன். தலைகீழாத் திருப்பி, கூடாரம் மாதிரி விரிச்சு, துண்டு மேல நிக்க வெச்சு, ஃபேனைப் போட்டேன். பக்கத்து வீட்டு லாயிட் வந்து பாத்துட்டு, "அரிசிக்குள்ள புதைச்சு வை, ஈரத்தை உறிஞ்சிடும்"னான். வெச்சிருக்கேன். இன்னும் ஆன் பண்ணிப் பாக்கலை. தைரியம் வரலை.

உன் புத்தகம் அதுக்குள்ளதான் இருக்குன்னு தெரியும். என்னைத் திட்டணும்னா திட்டு. அம்மாவை இதுல இழுக்காதே, அவங்க ஏற்கெனவே சரியாச் சாப்பிடறதில்ல.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கோ.

உன் தங்கை
ஜோலீன்


ஹேடன் முகடு
ஜூன் 28

அன்புள்ள ஜோலீனுக்கு,

முழங்கால் அறுபத்தெட்டு படிகளுக்குப் பழகிவிட்டது. அம்மா சாப்பிடாததற்கு என்ன காரணம் என்று டாக்டரிடம் கேட்டாயா?

சாமானும் தபாலும் கொண்டுவரும் ஆரின் இப்போதுதான் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார். அவர் கிளம்புவதற்குள் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். அவரை விட்டால் அடுத்த தபாலுக்கு இன்னும் இரண்டு வாரம். இங்கே இருக்கும் ரேடியோ தீ விஷயத்துக்கு மட்டும்தான், தெரியுமே.

முதலில் அதை அரிசியிலிருந்து எடு. அரிசி ஒன்றையும் உறிஞ்சாது, தூள்தான் உள்ளே போகும். எக்காரணம் கொண்டும் ஆன் செய்யாதே. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். அப்படியே டெஸ் ப்ரூயிட்டின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோ. புத்தகத்தின் முதல் பாதிதான் அச்செடுத்துக் கையோடு கொண்டுவந்தேன், இங்கே உட்கார்ந்து திருத்துவதற்கு. பின்பாதி முழுவதும் அந்தப் பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். ஐந்து வருஷ உழைப்பு, ஜோலீன்.

நான் இருபத்தாறு வருஷம் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்தவள். ஓர் உறையைக் கையில் எடுத்தாலே அது பிரித்து ஒட்டினதா என்று தெரிந்துவிடும். உன் கடிதம் அப்படி இருக்கிறது. வயிற்றுப் புண் வந்ததிலிருந்து நீ காபியைத் தொட்டு மூன்று வருஷமாகிறது. என் அறை அலமாரியில் பூட்டாமல் வைத்துவிட்டு வந்த லேப்டாப் சமையலறைக்கு ஏன் வந்தது? அதைத் திறக்க பாஸ்வேர்டு வேண்டுமே, உனக்கு யார் சொன்னது?

பதிலை அடுத்த தபாலிலேயே எதிர்பார்க்கிறேன். நேரத்துக்குத் தூங்கு.

மாரிட்


ஹாமில்டன்
ஜூலை 5

அக்கா,

அம்மா நல்லா இருக்காங்க. உன் திராட்சைக்கொடிக்குத் தண்ணி ஊத்தறேன். நீ சொன்னபடியே அரிசியிலேர்ந்து எடுத்து, செவ்வாய்க்கிழமை டெஸ் கடையில குடுத்துட்டேன். அவ கழட்டிப் பாத்துட்டு, "ஒரு வாரம் கழிச்சு வா"ன்னா.

காபி அம்மாவோடது. நான் எடுத்துட்டுப் போனேன், தவறிருச்சு. ஒரு சமையல் குறிப்பு பாக்கலாம்னு உன் பெட்டியை எடுத்தேன். இதுக்கெல்லாம் விசாரணை வெப்பியா?

நீ எதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேக்கறேன்னு எனக்குத் தெரியும். கிளம்பற அன்னைக்கு, "உன் புத்தகத்துல நான் எத்தனை பக்கம்?"னு கேட்டேன். நீ சிரிச்சே. பதினஞ்சு வயசுல கடையில உதட்டுச் சாயம் திருடினதையும் எழுதிருக்கேன்னு சொன்னே. எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். நாப்பத்தாறு வயசு ஆச்சு, ஊர்ல ஒரு வேலை பாக்கறேன், அது அச்சுல வரணுமான்னு கேட்டேன். அதுக்காக உன் அஞ்சு வருஷத்து மேல காபி ஊத்துவேனா?

அம்மா தனியா எழுதறேன்னு சொன்னாங்க. இப்பக் கை நடுங்குதாம்.

புகை இருக்கிற பக்கம் போகாதே.

ஜோலீன்


ஹேடன் முகடு
ஜூலை 12

ஜோலீனுக்கு,

நான் சுகம். நேற்று தெற்குச் சரிவில் முதல் இடி விழுந்து ஒரு பைன் மரம் எரிந்தது. நான் ரேடியோவில் சொன்னதும் தீயணைப்பு ஆட்கள் வந்து அணைத்துவிட்டார்கள். அம்மாவின் கை நடுக்கம் எப்போதிலிருந்து? போன மாதம் வரை ஊசியில் நூல் கோத்தார்களே.

நான் "கொட்டியது" என்ற வார்த்தையைத்தான் படித்தேன். "ஊற்றுவேனா" என்று எழுதியது நீ.

சமையல் குறிப்பு பார்க்க உன் கையில் போன் இருக்கிறது. பாஸ்வேர்டை நான் அம்மாவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன், பழைய படங்களைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று. அவர்களிடம் நைசாகப் பேசிக் கறந்திருக்கிறாய். உன்னைப் பற்றிய பக்கங்களைத் தேடினாய். படித்தாய். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை நீயே எழுது. நான் ஊகிப்பதைவிட அது நல்லது.

அந்தப் புத்தகம் உன்னைப் பற்றியதே இல்லை. அப்பா 1979 ஜனவரியில் நம்மை விட்டுப் போன பிறகு, மரஅறுவை மில்லில் ஆண்களோடு நின்று பலகை அடுக்கி நம்மை வளர்த்தவரைப் பற்றியது. அதில் உன் உதட்டுச் சாயத்துக்கு ஒன்றரைப் பக்கம்.

டெஸ் என்ன சொன்னாள்? ரசீதை அனுப்பு.

மாரிட்


ஹேடன் முகடு
ஜூலை 26

ஜோலீன்,

ஆரின் பையைக் கவிழ்த்துக் காட்டினார். உன்னிடமிருந்தும் எதுவும் இல்லை, அம்மாவிடமிருந்தும் இல்லை. பேட்டரியும் மாவும் மட்டும்.

"வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையோ?" என்று கேட்டார். அவ்வளவு அவசரம் என்றால் ரேடியோவிலேயே சேதி வந்திருக்கும் என்று சொன்னேன். "அப்ப எழுத விஷயம் இல்லைன்னு அர்த்தம்" என்றார். எழுத முடியாத விஷயம் இருக்கிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். அதை அவரிடம் சொல்லவில்லை.

நாள் முழுக்கத் தொலைநோக்கியில் புகையைத் தேடுகிறேன். மூடுபனி எது, தூசி எது, புகை எது என்று பிரிப்பதுதான் இந்த வேலை. இந்த இரண்டு வாரமும் என் மனம் உன்னைப் பற்றி அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

டெஸ்ஸுக்கு நானே இன்று எழுதிவிட்டேன்.

அம்மா மாத்திரையை மறக்காமல் பார்த்துக்கொள்.

மாரிட்


டெஸ் ப்ரூயிட் ரிப்பேர் கடை, ஹாமில்டன்
ஆகஸ்ட் 3

மதிப்புக்குரிய மாரிட் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மலையில் நீங்கள் இருப்பதால்தான் நாங்கள் கீழே நிம்மதியாக இருக்கிறோம்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். மதர்போர்டு போய்விட்டது, கீபோர்டும் போய்விட்டது. கீபோர்டைக் கழற்றியபோது இரண்டு விதமான கறை இருந்தது. அடியில் சர்க்கரை இல்லாத காபி. அதன் மேல் ஹக்கிள்பெர்ரிப் பழச் சர்பத், நல்ல கெட்டியாக, ஏராளமான சர்க்கரையோடு. காபி மட்டுமாக இருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். சர்க்கரைதான் கொன்றது. குவளை தவறிக் கவிழ்ந்தால் ஒரு பக்கமாகப் பாயும். இது அப்படி இல்லை, இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகப் போயிருக்கிறது. எப்படி நடந்தது என்பது என் வேலை அல்ல. கேட்டதால் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க் வேறு மூலையில் இருந்ததால் நனையவில்லை. உள்ளே இருந்த எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து ஜூலை 11 அன்று உங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "எல்லாமே வந்துருச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். 

உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்படிக்கு,
டெஸ் ப்ரூயிட்


ஹேடன் முகடு
ஆகஸ்ட் 9

ஜோலீன்,

டெஸ்ஸின் கடிதம் வந்தது. இரண்டு குவளை. இரண்டாவது சர்பத். வரிசை வரிசையாக.

நகல் ஜூலை 11 முதல் உன்னிடம் இருக்கிறது. அடுத்த நாள்தான் உனக்கு நான் அவ்வளவு பெரிய கடிதம் எழுதினேன். அதைப் படித்த பிறகும் ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு மாதமும் பின்பாதியை நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். விரல் மரத்துப்போகிறது.

அதை அழித்துவிட்டாயா? ஆம் அல்லது இல்லை. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல். அவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். இந்த வயதில் தன் மகளைப் பற்றி இப்படிக் கேள்விப்பட அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை.

மாரிட்


ஹாமில்டன்
ஆகஸ்ட் 15

அக்கா,

இல்லை. அழிக்கலை. என் சலவைக்கூட லாக்கர்ல பத்திரமா இருக்கு. வீட்டுல வெக்கப் பயமா இருந்துச்சு.

வேறெதுவும் எழுதாதேன்னு சொன்னே. எழுதுவேன். நான் ஊத்தலை. காபியும் ஊத்தலை, சர்பத்தும் ஊத்தலை. அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்தப்பவே எல்லாம் நடந்து முடிஞ்சிருந்துச்சு. வயரைப் பிடுங்கினது, துடைச்சது, கவிழ்த்து வெச்சது, அது மட்டும்தான் நான். அதைக் காப்பாத்த என்னால ஆனதைச் செஞ்சேன். நீ என் அரிசியைத் திட்டினே.

அந்த வீட்டுல ரெண்டு பேர்தான் இருக்கோம். நீ தபால் உறையைப் பாத்தே உள்ள இருக்கிறதைச் சொல்றவ. ரெண்டு மாசமா உனக்கு என் பேரு மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. 

"நீ கொட்டினதாச் சொல்லிடு, உன்னைன்னா மன்னிச்சுடுவா"ன்னு அவங்க கேட்டாங்க. சரின்னேன். காரணம் எனக்கு அப்பத் தெரியாது. ஜூலை 11 பென் டிரைவை மேஜை மேல வெச்சப்பதான் சொன்னாங்க. கேட்டுட்டு நான் வெளியில போய்க் கார்ல உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் உனக்கு எழுதப் பேனா எடுத்தா முடியலை. ஏன்னா அது என்னோட விஷயமும்தான்.

நான் சொல்லமாட்டேன். அவங்களே எழுதணும். மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். எழுதலைன்னா நானே பென் டிரைவை எடுத்துக்கிட்டு மலை ஏறி வரேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

ஜோலீன்


ஹாமில்டன்
ஆகஸ்ட் 30

மாரிட்டுக்கு அம்மா எழுதுவது.

உடம்பு நன்றாக இருக்கிறது. கை நடுங்கவில்லை. அது ஜோலீன் எனக்காகச் சொன்ன பொய்.

நான்தான் ஊற்றினேன். படங்கள் பார்க்கலாம் என்று உன் பெட்டியை எடுத்தேன். வேறு எதையோ அமுக்கிவிட்டேன், நீ எழுதியது திறந்துகொண்டது. மூடியிருக்கலாம். மூடவில்லை. ஜோலீன் வேலைக்குப் போனதும் தினம் காலையில் படித்தேன். நாலு நாள். நன்றாக எழுதியிருக்கிறாய். மில்லில் என் கை மரச்சிராய் குத்திப் புண்ணாகியிருந்ததை நீ கவனித்தது எனக்குத் தெரியாது.

கடைசியில் சமர்ப்பணம் என்று ஒரு வரி போட்டிருந்தாய். "ஒருநாளும் எங்களிடம் பொய் சொல்லாத அம்மாவுக்கு" என்று.

மாரிட், உன் அப்பா உங்களை விட்டுப் போகவில்லை. ஜனவரியில் சண்டை போட்டுக்கொண்டு ஐடஹோவுக்கு மரம் வெட்டும் வேலைக்குப் போனார். அது உண்மை. ஏப்ரலில் திரும்பி வந்தார். நான் வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பிவிட்டேன். மறுபடி வந்தார். மொத்தம் மூன்று முறை. கடிதமும் எழுதினார். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். உங்களிடம், "அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை" என்றேன். அவர் அடித்தவரும் இல்லை, குடித்தவரும் இல்லை. எனக்குக் கோபம், அவ்வளவுதான். கோபம் போன பிறகு பொய் நின்றுவிட்டது. அதை எடுக்க ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. பிறகு அவர் செத்துப்போனார். இனி எடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வரியைப் படித்ததும் கையில் இருந்த காபியை ஊற்றினேன். திரை அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது. உன் எழுத்து அப்படியே தெரிந்தது. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து சர்பத்துக் கூஜாவைக் கொண்டுவந்து, எழுத்து அணையும் வரைக்கும் ஊற்றினேன். என்னைப் புகழ்ந்து ஒரு புத்தகம் வருவதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் அதைவிடக் கேவலம், பழியை உன் தங்கை மேல் போட்டது. அவள் ஏழு வயதில் அப்பா வருவார் என்று ஜன்னலில் நின்றவள்.

இப்போது எல்லாம் உன்னிடம் இருக்கிறது. பென் டிரைவையும் ஜோலீன் இத்தோடு வைக்கிறாள். உன் இஷ்டம்.

சாப்பிடு.

அம்மா


ஹேடன் முகடு
செப்டம்பர் 7

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. ஆரினிடம், "காலை வரைக்கும் இருங்க" என்று கேட்டேன். கழுதைகளைக் கட்டிப்போட்டுவிட்டு அடுப்பு மூட்டினார்.

இரண்டு நாளாக மழை. தீ அபாயம் குறைந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் இறங்கி வருவேன்.

மன்னிப்பைப் பற்றி இதில் எதுவும் எழுதவில்லை. வந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் மேல் இருக்கும் கோபத்தைவிட, நாற்பது வருஷம் அவர் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பது என்றுதான் தெரியவில்லை. அவர் இறந்த செய்தி வந்த அன்று நான் தபால் கவுண்டரில் உட்கார்ந்து வழக்கம்போல் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். லீவு கூடப் போடவில்லை. அதைப் பெருமையாகப் பதினாலாம் அத்தியாயத்தில் எழுதியும் வைத்தேன். நீங்கள் படித்திருப்பீர்கள்.

பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன், செப்டம்பரில் தர முடியாது, புத்தகம் முடியவில்லை என்று.

மூன்று முறை வந்தார் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதாது. என்ன சட்டை போட்டிருந்தார், என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், நாங்கள் எங்கே இருந்தோம். முதல் முறையிலிருந்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். நல்லபடியாக மாற்றி எழுத வேண்டாம்.

இத்தோடு இருக்கும் தாள் ஜோலீனுக்கு. அவளிடம் கொடுங்கள்.

ஜோலீன், உன் மேல் சந்தேகப்பட்டேன். தப்பு. நீ சொன்னது சரி, அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தீர்கள், நான் ஒருத்தியைத்தான் பார்த்தேன். உதட்டுச் சாயம் பற்றிய பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்காக என்னை மன்னிக்க வேண்டியதில்லை. வந்ததும் உன்னோடு காரில் உட்கார்ந்துகொள்கிறேன். பேச வேண்டாம்.

மாரிட்


ஹாமில்டன்
செப்டம்பர் 13

மாரிட்டுக்கு,

நீ இறங்கி வரும் தேதியைச் சொல், ஜோலீன் காரை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு வருவாள். உன் தாளை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். என்னோடு இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நேற்று எனக்கும் சேர்த்து ரொட்டி வாட்டினாள்.

நீ கேட்டபடி முதல் முறையை எழுதுகிறேன். மற்ற இரண்டையும் எழுதக் கொஞ்சம் நாள் கொடு.

ஏப்ரல் மாதம். பனி உருகி வாசல் சேறாகக் கிடந்தது. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். கட்டம் போட்ட பச்சைச் சட்டை, முழங்கை கிழிந்திருந்தது. மெலிந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஏதோ அந்நிய வீட்டு வாசலில் நிற்பதுபோல. கழுத்தில் இரண்டு ஜோடி புதுப் பூட்ஸ், கயிற்றை முடிச்சுப் போட்டு மாலை மாதிரி தொங்கவிட்டிருந்தார். உனக்குப் பழுப்பு, ஜோலீனுக்குச் சிவப்பு.

"பிள்ளைங்க எங்கே?" என்றார்.

"அவங்க உங்களை மறந்தாச்சு" என்றேன். அது பொய். ஜோலீன் அன்று காலைகூட அப்பா எப்போ வருவார் என்று கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள்.

கழுத்திலிருந்த பூட்ஸைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டினார். "இதையாவது குடு, வெர்னா" என்றார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். சின்னவளுக்குச் சரியாக இருந்திருக்கும். உனக்கு ஒரு விரல் குறை. ஜனவரியில் இருந்த உன் கால் அளவுக்கு வாங்கியிருந்தார். அதன் பிறகு நீ வளர்ந்தது அவருக்கு எப்படித் தெரியும்.

மறுநாள் இரண்டையும் சர்ச்சில் துணி சேர்க்கும் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அம்மா